ஏரிக்குச் சிவப்பு டேக்

சிவப்பு என்றால் கெட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் சின்ன வயதில் அல்ல, ஐம்பத்து மூன்று வயதில். ஆகாயத்திலிருந்து எடுத்த படம் ஒன்றில் எங்கள் ஏரியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்ததும், எவனோ ரசாயனத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறான், ஏரி ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது என்று முடிவு கட்டினேன். மனதுக்குள் முடிவு கட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கலர் பிரிண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் தெருவில் வேறு யாரைக் கேட்டாலும் இன்னும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

எந்த ஏரி என்று கேட்காதீர்கள். வெள்ளானூர்ப் பக்கம் ஓர் ஏரி. அதற்கு என்னால் வந்த கெட்ட பெயரே போதும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்க்கிறவன். இருபத்தாறு வருடமாக அதே மேஜை, அதே விளக்கு. வால்வு பாகங்கள் வரும், அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை டேக். திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள். தேறவே தேறாது என்றால் சிவப்பு டேக் கட்டி, சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவேன். அது நேராக உருக்கப் போகும். இது போதாதென்று விரிசல் சோதனை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க, சிவப்பு மையைப் பாகத்தின் மேல் தடவித் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி அடிப்போம். உள்ளே விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் மை கசிந்து சிவப்பாக ஒரு கோடு எழும்பும். அந்தக் கோட்டைப் பார்த்தால் என் கை தானாகச் சிவப்பு டேக்கைத் தேடும். சம்பளத்தோடு வந்த வியாதி.

மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேர் எஸ்டேட் ஆட்கள். அதனால் இந்த வியாதி எனக்கு மட்டும் என்று சொல்ல முடியாது.

என் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் இருப்பவன் என் நண்பன். இருபது வருடம் என் கம்பெனியிலேயே லேத்தில் நின்றவன். ஆட்களைக் குறைத்தபோது அவனாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். வந்த வேகத்தில் அந்த ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகையை மூன்று வருடத்துக்கு எடுத்தான். வேலையை விட்ட அன்றைக்கு, ஷிப்டுச் சங்கு ஊதிக்கொண்டிருந்த கேட் வாசலில் நின்று அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“மச்சான், இனிமே எந்தச் சங்குக்கும் நான் எய்ந்திரிக்க மாட்டேன். மீன் எய்ப்பினா எய்ந்திரிப்பேன்.”

முதல் வருடம் பெருமழை. ஏரி நிரம்பினால் மிச்சம் வழிந்தோடுகிற கலங்கல் வழியாகத் தண்ணீரோடு மீனும் போய்விட்டது. இரண்டாம் வருடம் கலங்கலில் கம்பி வலை கட்டிவிட்டு, கட்லா மீன் குஞ்சுகளை விட்டான். நன்றாக வளர்ந்தன. பங்குனிக் கடைசியில் வலை போடுவதாகத் திட்டம். அந்த ஒரு பிடிதான் தீர்மானிக்கும் என்று அவன் மனைவி சொல்லியிருந்தாள். நல்லா விழுந்தால் ஏரி. இல்லாவிட்டால் திரும்பவும் லேத். அவளும் ஷிப்டுக்குப் போகிறவள். ஒரு வீட்டில் ஒருவர்தான் கனவு காண முடியும், இரண்டு வருடமாக அவன் காண்கிறான் என்பது அவள் கணக்கு. நியாயமான கணக்கு.

படம் பார்க்கும் பழக்கம் எனக்கு எங்கள் மாடியில் குடியிருப்பவரால் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வரைபடம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. புருஷனுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான், ஆனால் அவரை நான் மாடிப்படியில் பார்த்ததோடு சரி. இந்தப் பெண் காலையில் என் மனைவியோடு ஏரிக்கரையில் நடப்பார். ஒருநாள் நானும் தொப்பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று என் நண்பன் கரையில் நின்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த வாரம் வலை போடுவது என்பதைத் தண்ணீரின் பரப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

“கண்ணால பாத்து எப்படி அண்ணே தெரியும்? மேல இருந்து பாக்கணும்லா,” என்றவர், போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒரு செயற்கைக்கோள் நம் தலைக்கு மேலே போகிறதாம். காலை பத்தரை மணி சுமாருக்குப் படம் எடுக்குமாம். யார் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாமாம். எங்கள் ஏரி, ஒரு காது வடிவத்தில் இருந்தது. மாசி மாதத்துப் படத்தையும் தை மாதத்துப் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினார். காது சின்னதாகிக்கொண்டே வந்தது.

என் நண்பன் போனை வாங்கி, விரலால் தொடாமல், தூரமாகப் பிடித்துப் பார்த்தான். “இத்த மாசா மாசம் எட்த்துக் குடுத்தா சோக்கா இருக்கும் மாமே,” என்றான்.

நான் எடுத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். அளவு எடுப்பது என்றால் என்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

முதலில் என் வீட்டைத் தேடினேன். படத்தில் ஒரு புள்ளி தரையில் பத்து மீட்டர். என் வீடு முழுக்கவும் ஒரு புள்ளிக்குள் அடங்கியது, அதிலும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பங்கு இருந்தது. அந்த முக்கால் புள்ளியில்தான் நான் குடும்பத் தலைவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் எடுக்கிற நாள் என்று கணக்குப் போட்டு, பத்தரை மணிக்கு மொட்டை மாடியில் நின்று கையைத் தூக்கி ஆட்டினேன். துணி காயப்போட வந்த என் மனைவி பார்த்துவிட்டாள்.

“யாருக்குக் கை காட்டறீங்க?”

“சாட்டிலைட்டுக்கு.”

“அதாவது திரும்பக் காட்டுதா?”

ஒவ்வொரு படத்தையும் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தேதி, தண்ணீர் எத்தனை புள்ளி, மேகம் உண்டா இல்லையா எல்லாம் கீழே எழுதினேன். நண்பன் வாரம் ஒருமுறை வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துவிட்டுப் போவான். இதுவரை எல்லாம் ஒழுங்கு. இத்தோடு என் வாழ்க்கை முடிந்திருந்தால் விஞ்ஞானத்துக்குத் தொண்டு செய்தவன் என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும் என்று மாடியில் இருப்பவர் இரண்டு வாரம் ஊருக்குப் போனார். அந்த இரண்டு வாரத்தில்தான் நான் கை வைத்தேன்.

கம்பெனியில் டீ பிரேக். புதுப் படம் வந்திருக்கிறதா என்று போனைத் திறந்தேன். கையில் கிரீஸ். ஓரத்தில் இருந்த ஏதோ ஒரு பட்டனில் விரல் பட்டுவிட்டது. படம் மாறியது. ஏரி கறுப்பாக நடுவில் நிற்க, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் ஒரு வளையம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பழைய தேதிகளைப் போட்டுப் பார்த்தேன். தையில் வளையம் நூல் மாதிரி. மாசியில் கயிறு மாதிரி. இப்போது பட்டையாக.

இதுவரை பார்த்தது வெறும் மேல் பார்வை, இதுதான் சோதனைப் படம் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மை தடவித் துடைத்துப் பொடி அடித்திருக்கிறார்கள். விரிசல் எங்கே என்று காட்டுகிறது. எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டேன் என்று நினைத்தால் இப்போதும் அசதியாக இருக்கிறது. தப்பாகப் புரிந்துகொள்ளும்போது மட்டும் எனக்கு அத்தனை தெளிவு எங்கிருந்து வருமோ தெரியாது.

படத்தை நகர்த்திப் பார்த்தேன். பார்க்குகள் சிவப்பு. கோயில் தோப்பு சிவப்பு. ஆவடிப் பக்கம் மரம் அடர்ந்த இடமெல்லாம் சிவப்போ சிவப்பு. சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். நான் சந்தேகப்படவில்லை. அம்பத்தூரும் ஆவடியும் மொத்தமாகக் கெட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இங்கே இத்தனை வருடம் இருந்தவனுக்கு அதை நம்புவது கஷ்டமாக இல்லை.

சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் கலர் பிரிண்ட் போட்டேன். கம்பெனியில் குறை எழுதும் படிவம் மாதிரியே கோடு போட்டு, பாகத்தின் பெயர்: ஏரி, குறை: சிவப்பு வளையம், காரணம்: ரசாயனமாக இருக்கலாம் என்று எழுதினேன். மூலையில் ஒரு நிஜச் சிவப்பு டேக்கை ஸ்டேப்ளர் போட்டு இணைத்தேன். வேடிக்கைக்குத்தான் அதைச் செய்தேன். வேடிக்கையையும் பயத்தையும் பிரித்து வைத்துக்கொள்ள எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. அதை போட்டோ எடுத்து எங்கள் நலச் சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். “ஏரி ரிஜக்ட்” என்று இரண்டே வார்த்தை.

விளக்கமே தேவைப்படவில்லை. எல்லாரும் எஸ்டேட் ஆட்கள். சிவப்பு டேக்கைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். அவர்கள் மற்ற குழுக்களுக்கு அனுப்பினார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் என் மைத்துனன் பூந்தமல்லியிலிருந்து அதே படத்தை எனக்கே அனுப்பி, ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னான். அதற்குள் யாரோ கீழே சேர்த்திருந்தார்கள்: மீன் சாப்பிடாதீர்கள்.

நான் அதை எழுதவில்லை. ஆனால் அதை எழுதுவதற்கு இடம் விட்டு வைத்தவன் நான்.

மறுநாள் காலை நண்பன் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

“இன்னா மாமே இது?”

“சாட்டிலைட்ல தெரியுதுடா. நானா வரைஞ்சேன்?”

“நான் டெய்லி தண்ணியிலதான கீறேன். எனக்குத் தெரியாத ரசாயனம் இன்னா?”

“கண்ணுக்குத் தெரியாது. விரிசல் மாதிரி.”

அவனும் இருபது வருடம் என் சிவப்பு டேக்குக்குக் கட்டுப்பட்டவன்தான். லேத்தில் அவன் கடைந்த பாகத்தில் நான் டேக் போட்டால், அவன் மறுபேச்சுப் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. “வர்ற ஞாயித்துக்கெழமை வலைக்கு ஆள் சொல்லிட்டேன். வியாபாரி லாரி அனுப்புறேன்னாரு,” என்று மட்டும் சொன்னான்.

அன்று மத்தியானமே வியாபாரி அவனுக்குப் போன் செய்துவிட்டார். அந்தப் படம் அவருக்கும் போயிருந்தது. தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவா, அப்புறம் லாரி வரும் என்றாராம். வேறு இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தான். அவர்களுக்கும் படம் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வலை போடவில்லை.

மாடியில் இருப்பவர் ஊரிலிருந்து திரும்பி, கையில் பனங்கற்கண்டுப் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்குள் வந்தவர், சுவரில் ஒட்டியிருந்த சிவப்புப் படத்தைப் பார்த்ததும் பொட்டலத்தை மறந்துவிட்டார்.

“அண்ணே, என்னத்த பண்ணி வச்சிருக்கீய?”

நான் விளக்கினேன். மை, பொடி, விரிசல். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது கலர மாத்திக் காட்டுத படம்ணே. நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் உண்டும். செடி கொடி நல்லா கொழுத்து நின்னா அந்த வெளிச்சத்தத் திருப்பி அடிக்கும். அதச் செவப்பா காட்டுதாங்க. தண்ணி வத்துன ஓரத்துல கோரையும் புல்லும் மொளச்சிருக்கு. அதான் வளையம்.”

“அப்ப சிவப்புன்னா?”

“சிவப்புன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தம்.”

என் மனைவி அடுக்களையிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது.

அன்றைக்கே குழுவில் மன்னிப்பு எழுதினேன். சிவப்பு கெட்டதல்ல, புல், என்று விளக்கமாக, மூன்று பத்தி. நாலு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் பிறந்தநாள் வாழ்த்து என்று நினைத்துக் கேக் படம் போட்டார். யாரும் அதை எந்தக் குழுவுக்கும் அனுப்பவில்லை. புல் முளைத்திருக்கிறது என்ற செய்தியை எவன் அனுப்புவான்.

நண்பனிடம் நேரில் போய்ச் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவன் வலையில் கிழிந்த கண்ணியைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“புல்லா?”

“புல்லு.”

“நான் சொன்னேன்ல.”

“சொன்ன.”

“சரி உடு. தண்ணி பாட்டில்ல புட்ச்சிக் குட்த்துட்டேன். பத்து நாள்ல ரிப்போர்ட்டு குட்ப்பான். அப்பால லாரி. மீன் எங்க ஓடப் போது.”

மீன் ஓடாது என்பது வரையில் சரிதான்.

சித்திரை பிறந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கம்பெனியில் மின்விசிறி சூடான காற்றைத்தான் தள்ளியது. மாடியில் இருப்பவர் என் போனில் வண்ணம் மாறாதபடி, கண் பார்ப்பது போலவே காட்டும் படத்தை வைத்துக் கொடுத்து, அந்தப் பட்டனைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். தொடவில்லை. தண்ணீர் கொடுத்து ஆறாம் நாள் டீ பிரேக்கில் திறந்தேன். இரண்டு நாள் முந்தைய படம் வந்திருந்தது. மேகமே இல்லை. ஏரி முழுக்க ஒரே பச்சை. அதற்குள் இன்னும் வெளிர் பச்சையில் சுழி சுழியாக, தோசைக்கல்லில் மாவைச் சுழற்றிய மாதிரி. இத்தனை மாதத்தில் அத்தனை அழகாக ஏரி இருந்ததில்லை.

பச்சை. என் கை தானாகப் பச்சை டேக்கை எடுத்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மன்னிப்புக் கடிதத்தை யாரும் அனுப்பவில்லை, இதையாவது அனுப்பட்டும் என்று, போனுக்குப் பக்கத்தில் பச்சை டேக்கை வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். “ஏரி ஓகே.” கட்டை விரல்கள் வந்து குவிந்தன. நண்பன் அதை வியாபாரிக்கு அனுப்பினான். ரிப்போர்ட் மட்டும் வரட்டும், மறுநாளே லாரி என்று வியாபாரி சொல்லிவிட்டார்.

சாயங்காலம் நண்பன் வீட்டுக்கே வந்தான். பல நாளுக்கப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

“தண்ணி நல்லாத்தான் பச்ச கட்டிக்கீது மச்சான். பச்சத் தண்ணின்னா கட்லாவுக்கு பிரியாணி. ரெண்டு நாள்ல இன்னும் எடை ஏறும்.”

இது அவனாகக் கற்பனை செய்ததல்ல. மீன் வளர்ப்பவர்கள் தண்ணீர் இளம்பச்சையாக இருப்பதை விரும்புவார்கள். மீனுக்கு அது தீனி. எவ்வளவு பச்சை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவன் லேத்துக்காரன், நான் டேக் கட்டுகிறவன்.

அவன் போன பிறகு மாடியில் இருப்பவர் வேலை முடிந்து வந்தார். படியிலேயே என்னை நிறுத்தினார்.

“அண்ணே, அந்தப் படத்தப் பாத்தேன். அது பாசி. ரொம்பப் பெருகியிருக்கு. சுழி சுழியா தெரியுதுல்லா, அது மேல படலமா ஒதுங்குதது.”

“மீனுக்கு நல்லதாமே.”

“கொஞ்சம்னா நல்லது. இது அதிகம். பாசி பகல்ல வெயில்ல மூச்சுக் காத்த விடும். வெயில் இல்லன்னா அதே காத்தத் தண்ணியில இருந்து இழுத்துக்கிடும். மேகம் போட்டு ரெண்டு நாள் காத்தடிக்காம இருந்தா மீனுக்கு மூச்சு முட்டிரும். அந்த அண்ணன்ட்டச் சொல்லிருங்க. விடியக்காலம் மீனு மேல வந்து வாயப் பொளக்குதான்னு பாக்கணும். பம்பு வச்சுத் தண்ணிய மேல அடிச்சு விடணும். முடிஞ்சா ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம புடிச்சிரணும்.”

“சொல்லிடறேன்,” என்றேன்.

சொல்லவில்லை.

செருப்பைக்கூட மாட்டினேன். அவன் வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே அவனும் அவன் மனைவியும் டீவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு முன்னால் சிவப்பு என்று சொல்லி அவன் வலையை நிறுத்தினேன். இன்று காலை பச்சை என்று சொன்னேன். இப்போது பச்சைதான் கெட்டது என்று போய் நின்றால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது. அளவில் சந்தேகம் வந்தால் இரண்டாவது முறை அளந்து பார்த்த பிறகே பேசு என்று கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதுண்டு. மூன்று நாளில் அடுத்த படம் வந்துவிடும். அதைப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று திரும்பி வந்தேன். நிதானம் கற்றுக்கொண்டேன் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் நிதானமாக இருந்ததே என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

மறுநாள் வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. வேட்டியை நனைத்துப் போர்த்திக்கொண்ட மாதிரி புழுக்கம். “அப்பாடா, வெயில் இல்லை,” என்று தெருவே சந்தோஷப்பட்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் படம் எடுக்கிற நாள். சாயங்காலம் படம் ஏறியதும் திறந்தேன். வெள்ளை. ஏரி, ரோடு, என் முக்கால் புள்ளி வீடு எல்லாவற்றின் மேலும் மேகம். பொடி அடித்து வைத்த பாகம் மாதிரி, ஒரு கோடுகூட இல்லாத சுத்தமான வெள்ளை. எந்த மேகம் எனக்குப் படத்தை மறைத்ததோ, அதே மேகம் அங்கே கீழே தண்ணீரில் வேலை செய்துகொண்டிருந்தது. அடுத்த படத்துக்கு இன்னும் ஐந்து நாள். பார்க்கலாம் என்று போனை சார்ஜில் போட்டேன்.

விடியற்காலை போன் வந்தது. “ஏரிக்கு வா மச்சான்,” என்றான்.

நான் போனபோது அவன் தெர்மாகோல் தெப்பத்தில் நடுவில் நின்றிருந்தான். தண்ணீர் அடர்பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறியிருந்தது. கரையோரம் பெயிண்ட் ஊற்றியது போலப் படலம். நாற்றம் மூக்கில் ஏறியது. கட்லா வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பெரிது பெரிதாக. பெரிய மீனுக்குத்தான் மூச்சு அதிகம் வேண்டுமாம், அதனால் பெரிதுதான் முதலில் போகுமாம். சின்னதெல்லாம் இன்னும் மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஏரியில் தானாக வளர்கிற விராலும் ஜிலேபிக் கெண்டையும் மட்டும் ஒன்றும் ஆகாமல் திரிந்தன.

நான் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். அவன் தெப்பத்திலிருந்து எடுத்துப் போட, நான் கூடையில் வாங்கிக் கரையில் கொட்டினேன். வெயில் வந்துவிட்டது. மூன்று நாளாக வராத வெயில்.

ஒரு பெரிய கட்லாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, என் பக்கம் காட்டினான்.

“இத்துக்கு இன்னா டேக் போடுவ?”

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. கேட்க வேறு வார்த்தை இல்லை, அவ்வளவுதான். எனக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும், எதற்கும் ஒரு ஜோக் இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அதனால் உண்மை வந்துவிட்டது.

“மாடில இருக்கிறவங்க நாலு நாள் முன்னாடியே சொன்னாங்கடா. பாசி அதிகம், ஒன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல.”

“ஏன்?”

“மறுபடியும் தப்பாயிடுமோன்னு.”

அவன் அந்த மீனைக் கூடையில் வைத்தான். போடவில்லை, வைத்தான். பிறகு குனிந்து அடுத்ததை எடுத்தான்.

“அந்தக் கூடைய இப்பால தள்ளு,” என்றான்.

மத்தியானம் வரை அள்ளினோம். கரைக்கு அந்தப் பக்கம் குழி வெட்டி மூடினோம். திரும்பும்போது அவன் மொபெட்டில் பின்னால் என்னை ஏற்றிக்கொண்டுதான் வந்தான். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, “கை கால நல்லா கய்வு, நாத்தம்,” என்றான்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து தாள் வந்தது. பத்து நாள் முன்பு கொடுத்த தண்ணீர், மீன் வளர்க்க ஏற்ற தண்ணீர் என்று அதில் இருந்தது.

நடந்தது இதுதான். ஏரியில் யாரும் எதையும் கொட்டவில்லை. சிவப்பு, கரையில் முளைத்த கோரையும் புல்லும். பச்சை, பாசி. மூன்று நாள் வெயில் இல்லாமல் தண்ணீரில் காற்று தீர்ந்து, கட்லா அத்தனையும் ஒரே விடியலில் செத்தது. பங்குனியில் வலை போட்டிருந்தால் அதற்கு முன்பே அவை லாரி ஏறியிருக்கும். மிஞ்சிய ஜிலேபியையும் விராலையும் பிடித்து விற்றுவிட்டு, என் நண்பன் குத்தகையை விட்டான். வைகாசி முதல் வாரம் நசரத்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத்துக்குச் சேர்ந்தான். அங்கே காலை ஏழு மணிக்குச் சங்கு.